அணை கட்டிய விலங்கும் அதனை அழித்த மனிதரும்

மனிதர் கட்டிய அணைகளுக்கு வரலாறு உண்டு. கட்டுவித்த அரசனின் பெயர், கட்டி முடித்த ஆண்டு, செலவான பொருள் ஆகியவை கல்வெட்டிலும் ஏட்டிலும் இடம்பெறுகின்றன. ஆனால், மனிதர் முதல் அணையைக் கட்டுவதற்கு மிக நெடுங்காலம் முன்னரே, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் எண்ணற்ற அணைகள் ஓடைகளின் குறுக்கே எழுந்து நின்றன. அவற்றைக் கட்டியவற்றுக்குக் கல்வெட்டு இல்லை; கருவி என்று சொல்வதற்கும் நான்கு முன்பற்களும் இரண்டு முன்கைகளுமே இருந்தன. பீவர் என்னும் அவ்விலங்கின் வரலாறு விலங்கியல் பாடத்தோடு முடிந்துவிடக் கூடியதன்று. இரண்டு கண்டங்களின் ஆறுகள், ஐரோப்பிய வல்லரசுகளின் வணிகப் போட்டி, பழங்குடி மக்களின் வாழ்வும் பசியும் ஆகிய யாவும் அவ்வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றின் பயனை அறியாமலேயே அதனை அழித்துவிட்டு, அழித்த பின்னர் அதன் அருமையை உணர்ந்து, மீண்டும் அதனைத் தேடி அலையும் மனித இயல்புக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பீவரின் இயல்பு

பீவர், எலியையும் அணிலையும் போலக் கொறிக்கும் விலங்குகளின் இனத்தைச் சேர்ந்தது. நீரில் வாழ்வதால் இதனை நீர்நாய் என மயங்குவாரும் உளர். நீர்நாய் மீனைத் தின்னும் ஊனுண்ணி. பீவரோ மரப்பட்டை, தளிர், இலை, நீர்த்தாவரம் ஆகியவற்றையே உண்பது. மீன் பிடிப்பதற்காகவே அது அணை கட்டுகிறது என்னும் கருத்து தவறானது. உலகில் இன்று இருவகைப் பீவர்களே உள்ளன. ஒன்று வட அமெரிக்காவுக்கு உரியது. மற்றொன்று ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் உரியது.

வளர்ந்த பீவர் பொதுவாக 16 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ளது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் மேற்பூச்சில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை ஆரஞ்சு நிறமாகவும் மிகுந்த உறுதியுடனும் விளங்குகின்றன. பின்கால் விரல்கள் வாத்தின் கால்போலத் தோலால் இணைந்திருக்கும். தட்டையான வாலில் மயிர் இல்லை, செதிள்களே உண்டு. பகை நெருங்கினால் அவ்வாலால் நீரை ஓங்கி அடித்துத் தன் குடும்பத்தை எச்சரிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் வரை நீருக்குள் இருக்கவும் வல்லது.

நீரில் இத்துணை ஆற்றல் உடைய பீவர், தரையில் மெல்ல நடக்கும் எளிய இரை. ஓநாயும் கரடியும் அதனை எளிதில் பிடித்துவிடும். ஆதலின், ஆழமான நீரே அதற்கு அரண். ஓடை ஆழமற்றதாக இருந்தால், மரங்களை வீழ்த்தி, கிளைகளையும் கற்களையும் சேற்றையும் கொண்டு அணை எழுப்பி, ஓடையைக் குளமாக்குகிறது. குளத்தின் நடுவிலோ கரையிலோ கிளைகளால் குவிந்த வீடு ஒன்றைக் கட்டுகிறது. அவ்வீட்டின் வாயில்கள் நீருக்கடியில் உள்ளன. உள்ளறையோ நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்து இருக்கிறது. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்தாலும் அடிநீர் உறையாத அளவுக்குக் குளம் ஆழமாக இருக்கவேண்டும். இலையுதிர்காலத்திலேயே கிளைகளைச் சேர்த்து அடிநீரில் செருகி வைத்துக்கொள்ளும் பீவர், பனிக்கட்டிக்கு அடியில் நீந்திச் சென்று அவற்றை எடுத்து வந்து உண்கிறது. இக்குடும்பத்தில் தாயும் தந்தையும் நெடுங்காலம் இணைபிரியாமல் வாழ்கின்றன. குட்டிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெற்றோருடன் தங்கி, அதன் பின்னரே புது ஓடை தேடிச் செல்கின்றன.

சுவீடன் நாட்டு ஆய்வாளரான லார்ஸ் வில்சன், 1960-களில் பீவர்களை வளர்த்து ஆராய்ந்தார். நீர் ஓடும் ஓசையே அணை கட்டும் ஊக்கத்தைப் பெரிதும் தூண்டுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஒலிபெருக்கியின் வழியாக அவ்வோசையை எழுப்பியபோதும் அவை கட்டத் தொடங்கின. அணையில் எங்கேனும் நீர் கசியுமாயின், அவ்வோசையே பழுது நேர்ந்த இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பிற்காலத்தில் மனிதரும் பீவரும் அடுத்தடுத்து வாழ்வதற்கு இச்சிறு உண்மை எவ்வளவு உதவிற்று என்பதைப் பின்னர்க் காணலாம்.

நீர் தேங்கினால் நிலம் மாறும்

ஒரு பீவர்க் குடும்பம் ஓர் ஓடையில் ஓர் அணையோடு நிற்பதில்லை. படிக்கட்டுப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் பல அணைகளைக் கட்டுகிறது. மழைநீரும் உருகிய பனிநீரும் விரைந்தோட முடியாமல் ஒவ்வோர் அணையிலும் தங்கித் தங்கிச் செல்கின்றன. நீர் கொண்டுவரும் வண்டல் குளத்தின் அடியில் படிகிறது. தேங்கிய நீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் ஊறி, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. வெள்ளக் காலத்தில் நீரின் வேகம் தணிகிறது; கோடையில், ஊறிய நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடையை உயிரோடு வைத்திருக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். பெருவெள்ளத்தை மீண்டும் சிறு துளிகளாக்கிக் கோடைக்குச் சேமித்து வைப்பது பீவரின் தொழில்.

தவளையும் தும்பியும் வாத்தும் நாரையும் அக்குளங்களை நாடி வருகின்றன. இளமீன்கள் வேகமற்ற நீரில் வளர்கின்றன. சுற்றிலும் உணவு மரங்கள் தீர்ந்தபின் பீவர்கள் இடம்பெயர்கின்றன. பராமரிப்பற்ற அணை காலப்போக்கில் உடைகிறது. குளம் வடிந்த இடத்தில் வளமான வண்டல் மண் வெளிப்பட்டுப் புல்வெளியாகிறது. ஆண்டுகள் பல சென்றபின் அங்கே மீண்டும் மரங்கள் முளைக்கின்றன. மரங்களைத் தேடிப் பீவரும் மீண்டும் வருகிறது. ஓடை குளமாகவும், குளம் புல்வெளியாகவும், புல்வெளி காடாகவும் மாறும் இச்சுழற்சி வட அமெரிக்கப் பள்ளத்தாக்குகள் பலவற்றின் மண்ணை உருவாக்கிற்று. ருடெமன், ஷூன்மேக்கர் என்னும் இரு நிலவியலார், பீவரின் அணைகளை நிலத்தை உருவாக்கும் ஆற்றல்களுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும் என்று 1938-ஆம் ஆண்டில் எழுதினர்.

இவ்வணைகளின் உறுதிக்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்க வழக்கறிஞரும் மானிடவியல் அறிஞருமான லூயிஸ் ஹென்றி மார்கன், மிச்சிகன் மாநிலத்தில் இருப்புப்பாதை அமைக்கும் பணியின்போது பீவர்களின் குடியிருப்புகளைக் கண்டு வியந்து, அவற்றின் அணைகளையும் குளங்களையும் அளந்து நிலப்படம் வரைந்தார். அவருடைய நூல் 1868-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அறிவியலார் அந்நிலப்படத்தை இக்கால வான்படங்களோடு ஒப்பிட்டபோது, அவர் குறித்தவற்றுள் நான்கில் மூன்று பங்கு இன்றும் அடையாளம் காணத்தக்கனவாக இருந்தன. இடையில் காடுகள் வெட்டப்பட்டன; சுரங்கங்கள் தோண்டப்பட்டன; ஊர்கள் எழுந்தன. பீவர் கட்டியவையோ பெரும்பாலும் நிலைத்திருந்தன.

தொப்பிக்காகப் பலியான இனம்

இத்தகைய விலங்கு ஏன் அழிந்தது என்னும் வினாவுக்கு விடை, ஐரோப்பியர் தலையில் அணிந்த தொப்பியில் உள்ளது. பீவரின் தோலில் இருவகை மயிர் உண்டு. மேலே முரட்டு மயிர். அதன் அடியில் மென்மயிர். அம்மென்மயிரின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் உள்ளன. அதனை வெந்நீரிலும் ஆவியிலும் இட்டு அழுத்தினால், இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, நீர் புகாத உறுதியான கம்பளம் கிடைக்கும். அதனால் செய்த தொப்பி மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. பதினாறாம் நூற்றாண்டு முதல் செல்வரும் படைத்தலைவரும் அதனை விரும்பி அணிந்தனர். மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்திய தொழிலாளர் பலர், அதன் நச்சாவியால் கைகால் நடுங்கி, மனமும் பேதலித்து நலிந்தனர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஐரோப்பாவில் பீவர்கள் முன்னரே குறைந்துவிட்டன. பிரிட்டனில் பதினாறாம் நூற்றாண்டளவில் அவை ஏறத்தாழ மறைந்தன. எனவே, வணிகரின் பார்வை வட அமெரிக்காவின் மீது விழுந்தது. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தோல் தேடி ஆற்றுவழியே உள்நாடு புகுந்தனர். ஒரு விலங்கின் தோலைக் கொடுத்தால் கத்தியும் கோடரியும் கொப்பரையும் கிடைப்பதைக் கண்டு பழங்குடியினர் ஐரோப்பியரை எண்ணி நகைத்ததை, பால் லெ ஜூன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1634-ஆம் ஆண்டில் குறித்து வைத்துள்ளார். அந்நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தோல் வணிகத்தின் பொருட்டுப் பழங்குடியினருக்குள்ளேயே கொடிய போர்கள் மூண்டன. குடிகள் பல சிதறின.

1670-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் அனைத்திலும் வணிகம் செய்யும் தனியுரிமை அதற்குக் கிடைத்தது. இன்றைய கனடாவின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அந்நிலப்பரப்பை மன்னர் கண்ணால் கண்டதுமில்லை. அங்கு வாழ்ந்த மக்களைக் கேட்டதுமில்லை. கம்பெனியின் சின்னத்தில் நான்கு பீவர்கள் இடம்பெற்றன. அதன் வணிகக் கோட்டைகளில் பதப்படுத்திய ஒரு பீவர்த் தோலே நாணயத்தின் இடத்தைப் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கிக்குப் பத்துத் தோல்களும் அதற்கு மேலும் கேட்கப்பட்டன.

போட்டி முற்றியபோது, அழிப்பதே ஓர் அரசியல் தந்திரமாயிற்று. 1820-களில், கம்பெனியின் ஆளுநரான ஜார்ஜ் சிம்ப்சன், கொலம்பியா ஆற்றின் தென்பகுதியில் ஒரு பீவரையும் விட்டுவைக்காமல் பிடித்துவிடும்படி ஆணையிட்டார். தோலற்ற பாலை ஒன்றை இடையில் உருவாக்கிவிட்டால், அமெரிக்க வேட்டைக்காரர் அதனைக் கடந்து வரமாட்டார் என்பது அவருடைய எண்ணம். பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவரின் தலைமையில் வேட்டைக் குழுக்கள் ஆண்டுதோறும் ஸ்நேக் ஆற்றுப் பகுதிக்குச் சென்று அப்பணியைச் செய்தன. வரண்ட நிலத்தில் நீரைக் காத்து வந்த விலங்கு, ஓர் எல்லைப் போட்டிக்காகத் திட்டமிட்டு ஒழிக்கப்பட்டது.

1830-களிலும் 1840-களிலும் பட்டுத் தொப்பி நாகரிகம் ஆயிற்று. அஃது எஞ்சிய பீவர்களுக்குச் சிறிது மூச்சுவிட இடம் தந்தது. ஆயினும் வேட்டை நிற்கவில்லை. ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் 6 கோடி முதல் 40 கோடி வரை பீவர்கள் வாழ்ந்திருக்கலாம் என இயற்கை ஆய்வாளர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் கணித்தார். 1900-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒரு லட்சமே எஞ்சியிருந்தன என மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தவை ஏறத்தாழ 1,200 மட்டுமே.

வற்றிய ஓடைகளும் வறண்ட மக்களும்

பீவர் மறைந்ததும் அணைகள் ஒரே நாளில் உடைந்துவிடவில்லை. பழுது பார்ப்பார் இன்றி ஒவ்வொன்றாகச் சரிந்தன. தடையற்ற நீர் விரைந்தோடி, ஓடையின் அடியை அரித்து ஆழப்படுத்தியது. ஓடை தாழ்ந்தபோது நிலத்தடி நீரும் தாழ்ந்தது. கரையோர மரங்களின் வேர்களுக்கு நீர் எட்டவில்லை. ஈரப் புல்வெளிகள் காய்ந்தன. உழவரும் கால்நடை வளர்ப்பாரும் பின்னர் வந்து குடியேறியபோது கண்டவை இத்தகைய ஓடைகளே. ஆழ்ந்த பள்ளத்தில் ஒற்றைக் கோடாக ஓடுவதே ஓடையின் இயல்பு என அவர்கள் எண்ணினர். பாட நூல்களும் அவ்வாறே எழுதின. அழிவின் விளைவையே இயற்கை எனக் கொண்ட பிழை இது.

உண்மையை அறிந்த மக்களும் இருந்தனர். வடமேற்குச் சமவெளியில் வாழ்ந்த பிளாக்புட் பழங்குடியினர் பீவரைப் புனிதமாகக் கருதினர். அவர்தம் சடங்குகளுள் மிகத் தொன்மையானது பீவரின் பெயரால் அமைந்தது. தோல் வணிகர் பலவாறு தூண்டியும், பீவரைக் கொல்ல அவர்கள் பெரிதும் தயங்கினர். மழை குறைந்த அச்சமவெளியில் காட்டெருமைக் கூட்டமும் மனிதரும் நீர் அருந்தும் இடம் பீவரின் குளமே. அதனைக் காப்பது தம் உயிரைக் காப்பது என்பதை அவர்கள் வழிவழியாக அறிந்திருந்தனர்.

அழிவின் கொடுமை பழங்குடியினரையே முதலில் தாக்கிற்று. கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில், இன்று வாஸ்ககானிஷ் எனப்படும் ரூபர்ட் ஹவுஸ் என்னும் ஊரில், 1920-களின் இறுதியில் கிரீ இன மக்கள் பட்டினியால் வாடினர். உணவாகவும் வருவாயாகவும் இருந்த பீவர் அப்பகுதியில் அரிதாகிவிட்டது. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் அவ்வூர்க் கடை மேலாளரான ஜேம்ஸ் வாட், வேட்டைக்காரர் கண்டறிந்த பீவர்களைக் கொல்லாமல் உயிரோடு விட்டுவைக்கும்படி கேட்டு, அதற்கு விலையும் கொடுத்தார். அவருடைய மனைவி மாட் வாட், கியூபெக் அரசிடம் நேரில் சென்று முறையிட்டார். 1932-ஆம் ஆண்டில் 7,200 சதுர மைல் நிலம் பீவர்க் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. கிரீ இனத்தவரே காவலர் ஆயினர். பீவர்கள் பெருகியபின், 1940-ஆம் ஆண்டில் அளவோடு பிடிக்க மீண்டும் இசைவு அளிக்கப்பட்டது. தோலுக்காகத் தோன்றிய கம்பெனியின் ஊழியர் ஒருவரே தோலைத் தொடவேண்டாம் என்று விலை கொடுத்தது வரலாற்றின் விந்தை.

அதே காலத்தில் கிரே அவுல் என்னும் எழுத்தாளரும் பீவருக்காகக் குரல் எழுப்பினார். பொறி வைத்துப் பிழைத்து வந்த அவர், 1928-ஆம் ஆண்டில் தாயை இழந்த இரு பீவர்க் குட்டிகளைக் கண்டார். அவற்றை வளர்க்கவேண்டும் என்று மோஹாக் இனத்தவரான அவர் மனைவி அனஹாரியோ வற்புறுத்தினார். அக்குட்டிகளின் அன்பு அவரைப் பொறித் தொழிலையே கைவிடச் செய்தது. பின்னர் அரசின் தேசியப் பூங்கா ஒன்றில் பணியேற்ற அவர், ஏரிக்கரையில் கட்டிய தம் குடிலுக்குள்ளேயே பீவர்கள் வீடு கட்ட இடமளித்து வாழ்ந்தார். தம்மைப் பழங்குடியினர் என்று கூறிக்கொண்ட அவர், உண்மையில் இங்கிலாந்தில் பிறந்த ஆர்ச்சிபால்ட் பெலானி என்பது 1938-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் வெளியாயிற்று. தம்மைப் பற்றி அவர் சொன்னது பொய். பீவரைப் பற்றி அவர் சொன்னவை பெரும்பாலும் மெய்.

மெல்ட்ரம் ஓடையின் கதை

பீவர் இல்லாத ஓடை எத்தகையது, மீண்டும் வந்த ஓடை எத்தகையது என்பதைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் எரிக் காலியர். இங்கிலாந்தில் பிறந்து, இளம் வயதில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக்குச் சென்ற அவர், சில்கோட்டின் பகுதியில் லில்லியன் என்பவரை மணந்தார். லில்லியனின் பாட்டி லாலா, அப்பகுதியின் பழங்குடி மூதாட்டி. தாம் சிறுமியாக இருந்த காலத்தில் மெல்ட்ரம் ஓடையில் நீர் நிறைந்திருந்ததையும், மீனும் வாத்தும் பீவரும் மிகுந்திருந்ததையும் அவர் காலியருக்கு எடுத்துரைத்தார். வெள்ளையர் வந்து தோலுக்கு விலை வைத்தபின் பீவர் போயிற்று. பீவரோடு நீரும் போயிற்று என்பதே அம்மூதாட்டியின் வரலாற்றுப் பாடம். அவர் பள்ளி சென்றவர் அல்லர். ஆயினும் நீரியல் வல்லுநர் பின்னாளில் கண்டறிந்த உண்மையை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டிருந்தார். ஓடைக்குப் பீவரைத் திருப்பித் தரவேண்டும் என்னும் அவருடைய விருப்பம் காலியரின் வாழ்க்கைப் பணியாயிற்று.

1931-ஆம் ஆண்டில் காலியர் தம் மனைவியோடும் சிறு மகனோடும் ஒரு குதிரை வண்டியில் அவ்வோடைக்குக் குடியேறினார். ஓடை ஏறத்தாழ வற்றிக் கிடந்தது. சதுப்பு நிலங்கள் காய்ந்து தீக்கு இரையாகிக்கொண்டிருந்தன. கீழே வாழ்ந்த பண்ணையாளரின் வயல்களும் நீருக்கு ஏங்கின. பீவர் அங்கு இல்லை. அதனை வாங்கப் பணமும் இல்லை. எனவே, பீவர் செய்யவேண்டிய வேலையைத் தாமே செய்வதென அக்குடும்பம் முடிவு செய்தது. பாழடைந்து கிடந்த பழைய பீவர் அணைகளைத் தேடிக் கண்டு, மரக்கிளைகளையும் மண்ணையும் இட்டு ஒவ்வொன்றாகத் தம் கைகளாலேயே அடைத்தனர். பனி உருகியபோது நீர் தேங்கிற்று. சதுப்பு நிலம் நிறைந்தது. வாத்துகளும் நீர்க்கரை விலங்குகளும் திரும்பின. பத்தாண்டு உழைப்புக்குப் பின், 1941-ஆம் ஆண்டில், வனவிலங்குத் துறை இரண்டு இணைப் பீவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டது. மனிதர் அடைத்த அணைகளைப் பீவர்கள் ஏற்றுக்கொண்டு, செப்பனிட்டு, புதியனவும் கட்டின. அடுத்த ஓடைகளுக்கும் பரவின. காலியர் இவ்வனுபவத்தை 1959-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். மூவர் பத்தாண்டு அரும்பாடுபட்டுத் தொடங்கிவைத்த பணியை, கூலி கேளாமல் அன்றாடம் தொடர்ந்து செய்யக்கூடியது பீவர் ஒன்றே என்பது அந்நூல் உணர்த்தும் உண்மை.

வானிலிருந்து இறங்கிய பீவர்கள்

அதற்குள் அரசுகளும் விழித்துக்கொண்டன. நார்வே 1845-ஆம் ஆண்டிலேயே பீவர் வேட்டையைத் தடை செய்து முன்னோடியாக விளங்கியது. பீவரை முற்றும் இழந்துவிட்ட சுவீடன், 1922-ஆம் ஆண்டில் நார்வேயிலிருந்து அதனைத் தருவித்து மீண்டும் குடியேற்றியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டில் நடந்தது மிகவும் விந்தையானது. ஊர்ப்புறங்களில் தொல்லை கொடுத்த பீவர்களைச் சாலையற்ற மலைக்காட்டுக்குக் கொண்டுபோக வழி தெரியாமல் இருந்தபோது, எல்மோ ஹீட்டர் என்னும் வனவிலங்கு அலுவலர் ஒரு வழி கண்டார். தரையைத் தொட்டதும் தானே திறந்துகொள்ளும் மரப்பெட்டிகளில் பீவர்களை அடைத்து, போரில் பயன்பட்ட வான்குடைகளில் கட்டி, வானூர்தியிலிருந்து இறக்கினார். 76 பீவர்கள் இறக்கப்பட்டன. ஒன்று மட்டும் இறந்தது. ஏனையவை அங்கே வேரூன்றின.

காப்புச் சட்டங்களாலும் குடியேற்ற முயற்சிகளாலும் பீவர்கள் பெருகின. அவற்றோடு நீரும் திரும்பியது. மினசோட்டா மாநிலத்தின் கபெடோகாமா தீபகற்பத்தில், 1940-ஆம் ஆண்டில் நிலப்பரப்பின் நூற்றில் ஒரு பங்காக இருந்த பீவர் நீர்நிலைகள், 1986-ஆம் ஆண்டில் நூற்றில் 13 பங்காக விரிந்திருந்தன. கனடாவின் உட் பபலோ தேசியப் பூங்காவில் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள பீவர் அணை ஒன்று, 2007-ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் படங்களின் வாயிலாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுத்தீ பரவிய இடங்களை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, பீவர் அணைகள் உள்ள ஓடைக்கரைகள் பெரும்பாலும் பசுமை குன்றாமல் நின்றதைக் காட்டிற்று. இன்று வட அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பீவர்களும், ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாக 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பீவர்களும் உள்ளன என மதிப்பிடப்படுகிறது.

பிரிட்டனிலும் அது மீண்டும் தோன்றியது. நார்வேயிலிருந்து கொண்டுவரப்பட்ட பீவர்கள் 2009-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் நாப்டேல் காட்டில் விடப்பட்டன. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து ஆட்டர் ஆற்றில் எப்படியோ குடியேறியிருந்த பீவர்களை ஐந்தாண்டு ஆராய்ந்தபின், அவை அங்கேயே வாழலாம் என 2020-ஆம் ஆண்டில் அரசு முடிவு செய்தது. வெள்ளத்துக்கு அஞ்சும் ஊர்களின் மேற்புறத்தில் அவை கட்டிய அணைகள், வெள்ளத்தின் உச்ச வேகத்தைத் தணித்ததை ஆய்வாளர் அளந்து காட்டினர். 2025-ஆம் ஆண்டில், உரிமம் பெற்றுப் பீவர்களைத் திறந்த வெளியில் விடவும் அங்கு வழி பிறந்தது. அதே ஆண்டில் செக் நாட்டின் பிர்டி பகுதியிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. 2018 முதல் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்த அணைத் திட்டத்தின் வேலையை, அங்கு வாழ்ந்த பீவர்கள் தாமாகவே முடித்துவிட்டன. அரசுக்கு 3 கோடி செக் நாணயம் மிச்சமாயிற்றாம்.

அருகருகே வாழும் கலை

பீவரால் தொல்லையே இல்லை என்று கூறுவது உண்மைக்கு மாறானது. சாலைக்கு அடியிலுள்ள நீர்க்குழாய்களை அது அடைத்துவிடுகிறது. சாலையும் வயலும் நீரில் மூழ்குகின்றன. பழமரங்கள் ஒரே இரவில் வீழ்கின்றன. அவ்வாறு இழப்புற்ற உழவனிடம் இயற்கையின் பெருமையைப் பேசுவதால் பயனில்லை. பீவரைக் கொன்றால், காலியான இடத்துக்கு வேறொரு பீவர் வந்துவிடுகிறது. அணையை உடைத்தால், மறுநாளே எழுப்பிவிடுகிறது. இங்குதான் நீரோசை பற்றிய அறிவு கைகொடுத்தது. அணையின் ஊடே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வாயைக் குளத்தின் நடுவே கம்பிக் கூண்டுக்குள் அமிழ்த்தி வைத்தால், மிகை நீர் ஓசையின்றி வெளியேறும். கசிவு எங்கே என்பது பீவருக்குப் புலப்படாது. குளமும் இருக்கும், சாலையும் நனையாது. மரங்களைச் சுற்றிக் கம்பிவலை கட்டினால் அவையும் பிழைக்கும். 1966-ஆம் ஆண்டில் பீவரை மீண்டும் குடியேற்றிய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் உள்ளனர். இழப்புற்ற உழவர்க்கு ஈட்டுத்தொகையும் வழங்கப்படுகிறது. எல்லா வழியும் பயன்படாத இடத்தில் பீவரை அகற்றவும் இசைவு உண்டு. இவ்வாறு இரு பக்கத்து நியாயத்தையும் எண்ணிச் செய்த ஏற்பாடே நிலைத்திருக்கிறது.

நல்லதும் இடம் மாறினால் தீதாகும் என்பதற்கும் பீவரே சான்று. 1946-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா அரசு, தோல் தொழிலை வளர்க்கும் நோக்கத்துடன், கனடாவிலிருந்து 20 பீவர்களைத் தருவித்துத் தென்கோடியிலுள்ள டியர்ரா டெல் பியூகோ தீவில் விட்டது. தோல் தொழில் வளரவில்லை; பீவர்கள் வளர்ந்தன. அவற்றைக் கொல்லும் ஓநாயோ கரடியோ அங்கு இல்லை. வட அமெரிக்காவின் வில்லோ போன்ற மரங்கள் வெட்டப்பட்டாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும். பல்லாயிரம் ஆண்டுகள் பீவரோடு வளர்ந்ததால் அமைந்த இயல்பு அது. தென்கோடியின் மரங்களுக்கோ அவ்வியல்பு இல்லை. வெட்டுண்டவையும் நீரில் மூழ்கியவையும் பட்டுப்போய், வெண்மரக் காடுகளாக நிற்கின்றன. பீவர்கள் சிலி நாட்டுக்கும் பரவின. அவற்றின் தொகை ஒரு லட்சத்தை எட்டியிருக்கலாம் எனக் கணித்தனர். அவற்றை ஒழிப்பதற்காக இரு நாடுகளும் 2008-ஆம் ஆண்டில் உடன்பாடு செய்துகொண்டன. வடக்கே பீவரை அழித்ததும், தெற்கே பீவரைக் கொண்டுவந்து விட்டதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிடத்தும் மனிதர் தோலின் விலையைக் கணக்கிட்டனர். நிலத்தின் கணக்கைப் பார்க்கவில்லை.

முடிவுரை

1851-ஆம் ஆண்டில் கனடா வெளியிட்ட முதல் அஞ்சல் தலையில் பீவரின் உருவமே இருந்தது. 1937-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் ஐந்து காசு நாணயத்தில் அது இடம்பெற்றது. 1975-ஆம் ஆண்டில் பீவரை நாட்டின் சின்னமாக அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தால் ஏற்றது. சின்னத்தில் ஏற்றிப் போற்றுவது எளிது. ஓடையில் இடமளித்து வாழவிடுவதே அரிது.

நான்கு பீவர்களைச் சின்னமாகக் கொண்டு 1670-இல் தோன்றிய ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, தோல் வணிகம் நலிந்தபின் பெருங்கடைகள் நடத்தி வந்தது. அதன் கடைகள் அனைத்தும் 2025-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. பீவருக்கு விலை வைத்த நிறுவனத்தின் கடைகள் இன்று இல்லை. விலை வைக்கப்பட்ட பீவரோ, நீரோசை கேட்கும் இடமெல்லாம் இன்றும் கிளை சுமந்து செல்கிறது. லாலா என்னும் மூதாட்டி தம் பேத்தியின் கணவருக்குச் சொன்ன செய்தி, மன்னரின் பட்டயத்தில் எழுதப்படவில்லை; கம்பெனியின் கணக்கேட்டிலும் இல்லை. நிலத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர், பட்டயத்தையும் கணக்கேட்டையும் படிப்பதோடு, அந்நிலத்தில் முதுமை எய்திய மனிதரிடமும் கேட்டறிதல் வேண்டும். கேட்டறிந்தபின், காலியர் குடும்பத்தைப் போலக் கையில் மண்ணெடுத்து ஓர் அணையையேனும் அடைத்தல் வேண்டும்.